சின்னவளுக்குக் கொடுத்தனுப்பியது

பொம்மிடி,
தருமபுரி ஜில்லா.
12-6-1968

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா சிஸ்டர் பெலிசித்தா அவர்களுக்குத் தங்கை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் மதர் அவர்களின் சுகத்துக்கும் சர்வேசுரனை மன்றாடுகிறேன். மதர் அவர்கள் இதைப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். ஆகையால் அவர்களுக்கும் இங்கேயே ஒரு தோத்திரம் சொல்லிக்கொள்கிறேன்.

மழை பெய்து கடலை போட்டாயிற்று. அம்மா சுகம் என்று எழுதினேனே, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. போன வருஷம் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். வயசு என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள். அப்பா செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அவர் வாதத்தில் கிடந்த கயிற்றுக் கட்டில் இன்னும் மாட்டுக் கொட்டாய் ஓரம்தான் கிடக்கிறது. கிண்ணத்தோடு அதன் பக்கத்தில் நின்று, "இந்த மனுசன் எங்கடி போனாரு, திரும்பிப் படுக்கவே ஏலாதே" என்று தேடுகிறாள். ஆறு வருஷம் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்தவள். மனசு மறந்தாலும் கை மறக்க மாட்டேன் என்கிறது. நீங்களும் அப்போது கூட நின்று அவரைத் தூக்கிப் பிடித்தவர்கள்தானே, உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் இருமல் மட்டும்தான் ஞாபகம்.

இன்னொரு சங்கதி. சாயங்காலப் பாசஞ்சர் வரும் நேரம் பார்த்து அம்மா ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறாள். போர்ட்டர் பச்சியப்பன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "எம்மவ வர்றா, எம்மவ வர்றான்னு சொல்லிக்கிட்டே நிக்கறாங்கம்மா" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளவும்.
தங்கை.

*

கன்னியர் மடம்,
குண்டூர் ஜில்லா.
3-7-1968

சேசு மரி சூசை.

அன்புள்ள புஷ்பத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். வெயில்தான் இன்னும் தணியவில்லை.

உன் கடிதத்தை மதர் என்னிடம் கொடுத்தபோது உன் தோத்திரத்துக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் எனக்குக் கிழவிகள் வார்டு. இந்த மறதியை நான் பார்க்காதவள் இல்லை. அடுப்பு, கிணறு, வெளிக்கதவு, இந்த மூன்றிலும் கண்ணாயிரு. அவள் சொல்வதைத் திருத்தாதே. அப்பா இல்லை என்று சொல்லிவிடாதே. ஒவ்வொரு தரமும் அவளுக்கு அது புதுச் சாவாக இருக்கும்.

எங்கள் சபை ஒழுங்கு உனக்குத் தெரியும். மற்றச் சபைகளில் தளர்த்திவிட்டார்களாம், எங்களிடம் இன்னும் இல்லை. தாய் தகப்பனுக்காக ஒரே ஒரு தரம் ஊருக்கு விடுவார்கள். நோயில் கிடக்கும்போது போகலாம், இல்லாவிட்டால் அடக்கத்துக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான். நான் மடத்துக்கு வந்தபோதே அப்பா இல்லை. ஆகையால் அந்த ஒரு தரம் அம்மாவுக்காக அப்படியே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. என்னைக் கேட்கிறாளா? என் முகம் ஞாபகம் இருக்கிறதா?

உன் மேல் சேசுவின் ஆசீர் இருக்கட்டும்.
பெலிசித்தா.

*

பொம்மிடி, 20-8-1968

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு வந்திருந்த கால்வலி எப்படி இருக்கிறது? எழுதவும்.

அடுப்பை ஒளித்துவைக்க முடியாது, தீப்பெட்டியை ஒளித்துவைத்துவிட்டேன். பெரிய பாடு சாப்பாடுதான். நோயாளி சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறாள். பக்கத்து வூட்டுக் கோவிந்தம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், நான் கோபித்துப் பார்த்தேன். ஒரு நாள் அலுப்பில் அப்பா கட்டிலில் நான் போய்ப் படுத்துவிட்டேன். அம்மா கஞ்சியோடு வந்தாள். என் தலையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். பிறகு தான் ஒரு வாய் குடித்தாள். எனக்கொன்று, அவளுக்கொன்று. இப்போது தினமும் அப்படித்தான் நடக்கிறது. எனக்குக் கஞ்சி பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்து நாலு வயசில் கிழவனாகப் படுத்து ராகிக் கஞ்சி குடிக்கிறேன். உடம்பு தேறிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள்.

அதியமான்கோட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். சொல்லி அனுப்புகிறோம் என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் கேட்டதற்கு: அம்மா உங்கள் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. விடிந்தால் ரோசா, அடைந்தால் ரோசா. பெலிசித்தா என்று சொல்ல அவள் வாய் என்றைக்குமே திரும்பியதில்லை.

தங்கை.

*

குண்டூர் ஜில்லா, 11-9-1968

சேசு மரி சூசை.

அன்புள்ள தங்கைக்கு, உன் கடிதம் கண்டேன். உன் சுகத்துக்கும் அம்மாவின் சுகத்துக்கும் தோத்திரம்.

கடைசி வரிகளை வாசித்துவிட்டுக் கோவிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜெபம் வரவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயசு, பதினாலு வருஷமாக யாரும் என்னை ரோசா என்று கூப்பிட்டதில்லை. வார்த்தைப்பாடு கொடுத்தபோது பெயரையும் முடியையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. ஆனாலும் அந்தப் பெயர் ஒரு வாயில் இன்னும் இருக்கிறது என்றால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மதர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

லீவை இப்போதே கேட்கவா? அவளுக்கு என்னைத் தெரிகிறபோதே வந்துவிட்டால் நல்லது என்று படுகிறது. வந்துவிட்டால் அடக்கத்துக்கு வர முடியாது, அதுவும் தெரியும். பக்கத்தில் இருப்பவள் நீ. நீ சொல்வதுபோலச் செய்கிறேன்.

பெலிசித்தா.

*

பொம்மிடி, 26-11-1968

சேசு மரி சூசை துணை.

அக்காவுக்கு, சுகம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கடலை பிடுங்கினோம், பிறகு அடைமழை, பிறகு எனக்குக் காய்ச்சல்.

இப்போது வர வேண்டாம். வூடு முழுக்கக் கடலை மூட்டை, உட்கார இடமில்லை. கொட்டாய் ஒழுகுகிறது. தூரப் பயணம் உங்கள் காலுக்கும் ஆகாது. அந்த ஒரு லீவை அடக்கத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் மூத்த மகள் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. நானே கூட்டிப்போய், வண்டி போனதும் கூட்டிவருகிறேன்.

தங்கை.

*

குண்டூர் ஜில்லா, 8-1-1969

சேசு மரி சூசை.

அன்புள்ள புஷ்பத்துக்கு, பாலன் பிறந்த திருநாளின் ஆசீர் உனக்கும் அம்மாவுக்கும்.

உன் கடிதம் ஆகமன காலம் தொடங்கிய பிறகு வந்தது; திருநாளுக்கு முந்தின அந்த நாலு வாரமும் இங்கே கடிதம் கொடுக்க மாட்டார்கள், அதனால் திருநாள் கழிந்துதான் என் கைக்கு வந்தது. கையில் வந்த பிறகும் ஒன்றும் புரியவில்லை. கடலை மூட்டைக்குப் பயந்தா அம்மாவைப் பார்க்காமல் இருக்கச் சொல்கிறாய்? நமக்கு நடக்கவே இடமில்லாத நாளிலும் அப்பா கட்டிலுக்கு இடமிருந்தது.

இங்கே என் வார்டில் ஒரு தெலுங்குக் கிழவி. எவள் கஞ்சி கொடுத்தாலும் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். நான் தினமும் ஊட்டுகிறேன். ஊட்டும்போதெல்லாம் இந்நேரம் நம்முடைய அம்மாவுக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று நினைப்பேன். நீ ஊட்டுகிறாய். எனக்கு அதில் நன்றியும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. பொறாமையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஆனாலும் போகவில்லை.

நீ எதையோ மறைக்கிறாய். கடிதத்தின் கீழே உன் பெயரைக்கூட எழுத மாட்டேன் என்கிறாய். என் மேல் கோபம் என்றால் கோபத்தை எழுது.

பெலிசித்தா.

*

பொம்மிடி, 15-2-1969

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். விபூதிப் புதன் நெருங்கிவிட்டது. தபசு காலத்திலும் கடிதம் கொடுக்க மாட்டார்களே. முன்னாடியே கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் பாஸ்குத் திருநாள் வரை மதர் மேசையில் கிடக்கட்டும். எழுதிவிட்ட பிறகு உங்கள் பதிலைக் கேட்க எனக்கும் கொஞ்ச நாள் தைரியம் வேண்டும்.

அம்மா உங்கள் பெயரைச் சொல்லாத நாளில்லை என்று எழுதினேன். அது நிஜம். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று எழுதவில்லை. என்னைப் பார்த்துத்தான். நான்தான் அவளுக்கு ரோசா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் திருத்தினேன். "நான் புஷ்பம்மா" என்றால் முகம் அப்படியே கலங்கிப்போகும். பிறகு நீங்கள் எழுதினீர்கள், திருத்தாதே என்று. சரி என்று ரோசாவாகவே இருக்கிறேன். ரோசா என்றால் ஏன் என்கிறேன்.

ஸ்டேஷனுக்கும் அவள் உங்களைத் தேடித்தான் போகிறாள். வூட்டிலும் நீங்கள், ஸ்டேஷனிலும் நீங்கள். நான் எங்கே அக்கா? குளிப்பாட்டுகிறவள் நான், பீத்துணி அலசுகிறவள் நான், கட்டிலில் படுத்துக் கஞ்சி குடிக்கிறவள் நான். பிள்ளை என்றால் அவளுக்கு நீங்கள் ஒருத்திதான். நான் அவள் வயிற்றில் பிறந்த ஞாபகம்கூட அவளிடம் இல்லை. அதனால்தான் கீழே பெயர் எழுதக் கை வரவில்லை. அந்தப் பெயரை இந்த வூட்டில் கூப்பிட ஆளில்லை.

நீங்கள் வந்து நின்றால் நிஜமான ரோசா வந்துவிடுவாள். அப்புறம் அவளுக்கு நான் யார்? கஞ்சி காய்ச்சுகிற கூலிக்காரியா? அந்தப் பயத்தில்தான் வர வேண்டாம் என்று எழுதினேன். கடலை மூட்டையை அப்போதே விற்றாயிற்று.

என்னை மன்னிக்க முடியுமானால் வாருங்கள்.
தங்கை.

*

குண்டூர் ஜில்லா, 9-4-1969

உயிர்த்த சேசுவுக்குத் தோத்திரம்.

என் தங்கமான புஷ்பத்துக்கு, உன் கடிதம் பாஸ்குத் திங்கட்கிழமைதான் கையில் கிடைத்தது. நாற்பது நாளும் மதர் மேசையில் கிடந்ததாம். அந்த நாளெல்லாம் நீ என்னவென்று நினைத்திருப்பாய்! மதர் என்னைக் கூப்பிட்டு, நான் கேட்பதற்கு முன்னாடியே லீவுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு அம்மா இருந்தார்களாம்.

மே மாதம் வருகிறேன். அடக்கத்துக்கு இல்லை, இப்போதுதான். நாலு பேர் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

பயப்படாதே. நான் உன் இடத்தைப் பிடிக்க வரவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ எழுதியதை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஏமாற்றம்தான். அவள் என்னைக் கூப்பிடவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. அந்த ஏமாற்றம் ஆற ஒரு பூசை நேரம் ஆயிற்று.

ஆசீர்.
பெலிசித்தா.

*

குண்டூர் ஜில்லா, 16-6-1969

சேசு மரி சூசை.

அன்புள்ள புஷ்பத்துக்கு, சுகமாக வந்து சேர்ந்தேன். ஜோலார்ப்பேட்டையில் வண்டி மாறுமுன் நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு தீர்ந்துவிட்டது. இதனோடு ஒரு பார்சலும் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தை முதலில் வாசி, பார்சலைப் பிறகு பிரி.

முதல் நாள் நடந்தது உனக்கும் தெரியும். "அம்மா, நான் ரோசா" என்றேன். எழுந்து நின்று கும்பிட்டு, "ரோசா உள்ள கஞ்சி காச்சறாளுங்க சிஸ்டரம்மா, நீங்க உக்காருங்க" என்றாள். நீ அடுப்படியில் அழுதாய், நான் கொல்லையில் அழுதேன். சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்போல மாங்காய் விலையைப் பேசினோம்.

நீ கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அப்பா கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன், அங்கியோடு. அம்மா வந்தாள். "ஒடம்பு சரியில்லீங்களா சிஸ்டரம்மா" என்றாள். தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து என்னை ஒருக்களிக்க வைத்தாள். முதுகைத் தடவினாள். புண் இருக்கிறதா என்று பார்க்கிற தடவல் அது, நான் அந்தக் கையிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே செய்கிறேன். எனக்கு அது போதும் என்று எழுந்துகொண்டேன்.

இனிச் சொல்வதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நேரமில்லை, வாயும் வரவில்லை. நான் புறப்பட்ட அன்று நீ டிக்கெட் வாங்கப் போனாய். நானும் அம்மாவும் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தோம். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"சிஸ்டரம்மா, உங்க மடத்துல எங்க சின்னவ இருக்கறா. புஷ்பமேரின்னு பேரு. பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்றேன்.

"சாப்புடறாளா? கொழந்தையிலயே கஞ்சின்னா மூஞ்சியத் திருப்பிக்குவா. பெரியவ எங்கூடவே இருக்கறா, எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. இவளத்தான் அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நிக்கறன். தெனைக்கும் வண்டிக்கு வந்து பாக்கறன், வரமாட்டேங்கறா. இத அவ கையிலயே குடுங்க. வேற யாருகிட்டயும் குடுத்துராதீங்க."

கேட்டாயா புஷ்பம்? ஸ்டேஷனில் அவள் காத்து நின்றது எனக்காக இல்லை. ஒரு மகள் கூட இருக்கிறாள், ஒரு மகள் மடத்துக்குப் போய்விட்டாள், இது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்களைத்தான் மாற்றி வைத்துக்கொண்டாள். தோளோடு தோள் நின்று அப்பாவைப் புரட்டியவள் ரோசா. ஆகையால் கூட இருப்பவள் யாராயிருந்தாலும் அவளுக்கு ரோசாதான். ஏங்குவதற்கு உன்னை வைத்துக்கொண்டாள். நீ கையைப் பிடித்துக் கூட்டிப்போய், உன்னையே தேடவிட்டுக் கூட்டிவந்திருக்கிறாய்.

வண்டி வந்துவிட்டது. ஜன்னல் வழியாக உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், போகிற வண்டியில் சொல்கிற விஷயமில்லை.

முடிச்சில் இருந்தது உப்பு மாங்காய் வத்தல். காயப்போட்ட வத்தல் குறைகிறதே, குருவியா அணிலா என்று கத்தினாயே, அந்தக் குருவி அம்மாதான். மடத்தில் கொண்டுபோய் உன் கையில் கொடுக்கச் சொன்னாள். சொன்னபடி மடம் வரை கொண்டுவந்தேன். இங்கிருந்து உன் கைக்கு அனுப்புகிறேன்.

பெலிசித்தா.

*

பொம்மிடி, 2-7-1969

அக்கா, பார்சல் வந்தது. சுகம். இப்போது எழுத முடியவில்லை.

*

பொம்மிடி, 14-10-1969

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். அம்மா போன வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். நோவு இல்லை. குளிப்பாட்டும்போது நானும் கோவிந்தம்மாளும் முதுகைத் திருப்பிப் பார்த்தோம், ஒரு புண் இல்லை. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். தந்தி கொடுக்கவில்லை. வர முடியாதவர்கள் கையில் தந்தியைக் கொடுத்து என்ன செய்வது?

அடக்கத்தில் கேட்டார்கள், மூத்தவள் எங்கே என்று. ஆனி மாதமே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்றேன். சித்திரையா ஆனியா என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

உங்கள் பார்சல் சங்கதியை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. வத்தலை அம்மா முன்னால் வைத்துத்தான் பிரித்தேன். யார் அனுப்பியது என்று கேட்டாள். உங்க சின்ன மவ, மடத்திலிருந்து என்றேன். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். "நான் குடுத்ததத் திருப்பி அனுப்பிட்டாளா? ஒரு வாய்கூடத் திங்காமலா?" என்று முகம் சுண்டிப்போயிற்று. பாதி தின்றுவிட்டுத்தான் உங்களுக்குப் பங்கு அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து அது அவள் தலைமாட்டிலேயே இருந்தது. சின்னவ வந்தால் மீதியைக் கொடுக்க வேண்டுமாம்.

புரட்டாசி மழையில் அவள் கால் விழுந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "ரோசா, சின்னவ எறங்கினாளான்னு பாத்துட்டு வா" என்பாள். நான் வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்து, இல்லையம்மா என்பேன். எத்தனை நாள் அப்படிச் சொன்னேனோ.

போவதற்கு முந்தின வாரம், சாயங்கால வண்டி வந்தது. அம்மா கேட்டாள். நான் வாசலுக்குப் போனேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோவிலுக்குள் போகிறதுபோல உள்ளே வந்தேன்.

"அம்மா, புஷ்பம் வந்திருக்கறேன்" என்றேன்.

அக்கா, அவள் என்னை ஒரு நொடிகூடச் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. "புஷ்பம்" என்றாள். கையை நீட்டினாள். "மடத்துல உட்டாங்களா?" என்று கேட்டாள்.

"உட்டாங்கம்மா."

"எளைச்சிட்ட" என்று கன்னத்தைத் தடவினாள். தலைமாட்டில் துழாவி ஒரு வத்தல் துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, குரல் எழும்பாமல், "ரோசா, தங்கச்சி வந்திருக்கறா பாரு, சோறாக்கு" என்றாள்.

சரிம்மா என்று நான்தான் பதில் சொன்னேன். உங்களுக்காகவும் சேர்த்து.

பார்சல் துணியில் இன்னும் கொஞ்சம் வத்தல் இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்புகிறேன். மதர் பிரித்தால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பமேரி.